மக்கு காய்வதற்குள் கூப்பிடுவார்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேட்டவருக்கு 43 வயது, கும்பகோணம் பக்கம். மாமியாருக்கு 78, மூன்று வருடமாக மறதி நோய், அதாவது டிமென்ஷியா. அவரைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளிக்கூட வேலையை விட்டிருக்கிறார். தஞ்சாவூர் ஓவியம் முறையாகக் கற்றவர். ஒன்றரை வருடமாக ஒரே பலகை பாதியில் கிடக்கிறதாம். வீட்டில் எதைப் பற்றி வாயைத் திறந்தாலும் சண்டை வருகிறது, அதனால் இப்போதெல்லாம் எதுவும் சொல்வதில்லை என்கிறார். கவனிப்பு, கலை, சொந்தக் கருத்து மூன்றையும் எப்படிச் சமமாக வைத்துக்கொள்வது என்று கேட்கிறார்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 22 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவள். வந்த வருடமே மாமனாருக்குப் பக்கவாதம். மூன்று வருடம் பார்த்தேன். அவர் போய் எட்டு மாதத்தில் அம்மாவுக்கு மறதி நோய் என்று தெரிந்தது. அது ஐந்தரை வருடம். வார்டில் எவ்வளவு மோசமான ராத்திரியாக இருந்தாலும் காலையில் அடுத்த டியூட்டிக்காரியிடம் கேஸ் ஷீட்டைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடலாம். வீட்டில் கை மாற்றிக்கொள்ள ஆள் இல்லை. இந்த ஒரு வித்தியாசம் எனக்கு உறைக்கவே ஒரு வருடம் ஆனது. நர்ஸ் என்பதால் எல்லாம் சுலபமாக இருந்திருக்கும் என்று நினைக்காதீர்கள்.

சரி. மூன்றும் சமமாக இருக்காது. கவனிப்பு தன் பங்கைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும்; மிச்சத்தில்தான் மற்ற இரண்டும். நான் கண்டதை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டுமென்றால் இதுதான்: நோயாளியிடம் உங்கள் கருத்தை முழுக்க விட்டுவிடுங்கள், முக்கியமான விஷயத்தில் குடும்பத்தாரிடம் கொஞ்சம்கூட விடாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. மாமியாரிடம் "இல்ல அத்தை, அது நேத்து, இன்னிக்கு செவ்வாய்க்கிழமை" என்று நாள் முழுக்க வாதாடித் தொண்டை வற்றிப்போகும். சாயங்காலம் நாத்தனார் போன் செய்து ஏதாவது யோசனை சொன்னால், பேசத் தெம்பில்லாமல் "சரிங்க" என்று சொல்லிவிடுவோம்.

முதல் பாதியை முதலில் பார்ப்போம்.

அம்மாவுக்குச் சாயங்காலம் ஐந்து மணியானால் இருப்புக் கொள்ளாது. புடவைத் தலைப்பில் சில்லறையை முடிந்துகொண்டு வாசல் கதவைப் பிடித்து நிற்பார். "இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும், அப்பா வந்துடுவார்." மறதி நோய்க்காரர்கள் பலருக்கு இந்தப் பொழுது சாயும் நேரத்துத் தவிப்பு உண்டு. வெளிச்சம் குறைவதும், நாள் பூராவும் மூளை பட்ட களைப்பும் சேர்ந்து வருவது. எனக்கு இதெல்லாம் பாடத்தில் படித்த விஷயம். இருந்தும் முதல் நாள் என்ன சொன்னேன் தெரியுமா? "அம்மா, இதுதான் உன் வீடு. அப்பா போய்ப் பத்தொன்பது வருஷம் ஆச்சு." அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அது அன்றைக்குத்தான் நடந்த சாவு. ராத்திரி எட்டு மணி வரைக்கும் அழுதார். மறுநாள் காலையில் அழுததும் மறந்துவிட்டது, அப்பா செத்ததும் மறந்துவிட்டது. சாயங்காலம் மறுபடி கதவு.

உண்மையைச் சொன்னேன் என்பதைத் தவிர அதனால் எனக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. அதன் பிறகு, "போலாம்மா, காபி குடிச்சிட்டுப் போலாம்" என்று பழகினேன். ஐந்து மணிக்கு முன்பே கூடத்து விளக்கைப் போட்டுவிடுவேன். காபி குடித்ததும் ஒரு முழம் அளவுக்கு உதிரி மல்லியையும் ஈர வாழை நாரையும் முன்னால் வைப்பேன். என் பெயர் அவருக்கு மறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆனால் நாரை இடது கைக் கட்டைவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு பூவை இந்தப் பக்கம் இரண்டு பூவை அந்தப் பக்கம் வைத்து முடிச்சை இழுக்கும் வேகம் குறையவில்லை. கை பழகிய வேலைக்கு மூளையில் இடம் வேறு. மறதி நோய் அங்கே போய்ச் சேர ரொம்ப நாள் பிடிக்கும். கட்டிக்கொண்டே "யாருக்குக் கல்யாணம்?" என்பார். "எதிர் வீட்டுப் பொண்ணுக்கு" என்பேன். எதிர் வீட்டில் இருந்தது ஒரு தையல் கடை.

இது பொய்தானே, ஏமாற்றுவதுதானே என்று உங்களுக்குத் தோன்றினால் எனக்கும் தோன்றியது என்று சொல்லிக்கொள்கிறேன். தேதி, கிழமை, யார் இருக்கிறார் யார் போய்விட்டார் என்ற விஷயங்களில் உங்கள் மாமியாரைத் திருத்தி ஜெயிப்பதில் ஒரு பலனும் இல்லை; அந்தச் சக்தியை மிச்சம் பிடித்து வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, இது நர்ஸாகச் சொல்வது. எதற்கும் "சரி" போடுகிறோம் என்று கண்ணை மூடிக்கொண்டுவிடக் கூடாது. நேற்று வரை ஒரு மாதிரி இருந்தவர் இரண்டே நாளில் தலைகீழாக மாறினால், இல்லாத ஆளைப் பார்த்துப் பேசினால், பகலெல்லாம் சுருண்டு படுத்தால், அது நோய் முற்றியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று காய்ச்சலே இல்லாமல் இப்படியும் வெளிப்படலாம். மலச்சிக்கலும் செய்யும், புதிதாகச் சேர்த்த மாத்திரையும் செய்யும். உடனே டாக்டரிடம் காட்டி யூரின் டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். என் அம்மாவுக்கு இரண்டு முறை அப்படி ஆகி, ஆன்டிபயாடிக் முடிந்ததும் பழையபடி பூக்கட்ட உட்கார்ந்தார்.

இப்போது உங்கள் பலகைக்கு வருவோம். எனக்கு ஓவியம் வராது. ஆனால் என் ஓரகத்தி பத்து வருடத்துக்கு மேல் பலகைப் படம் போட்டவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அரட்டையடித்தே அதன் வேலை முறை எனக்கு மனப்பாடம். உங்கள் கேள்வியை அவரிடமும் வாசித்துக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "எந்தக் கட்டத்துல நிக்குதாம்? மக்குலயா?"

மக்கு என்றால் நகை, தூண் எல்லாம் மேடாகத் தெரிவதற்காகப் பலகையில் வைக்கும் கலவை. நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்தால் மக்கில்தான். கிருஷ்ணரின் கிரீடம் வரைக்கும் வந்து, மண்டபத் தூணுக்கு மக்கு வைக்காமல் நிற்கிறது. இதில் ஆச்சரியமே இல்லை. சுண்ணப் பொடியையும் பசையையும் குழைத்தால் அது காய்வதற்குள் வைத்து முடிக்க வேண்டும். பாதியில் எழுந்து போய் மாமியாரைக் கழிப்பறைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டு, கைகால் கழுவி, புடவை மாற்றி, திரும்பி வந்தால் கிண்ணத்தில் கல். அப்புறம் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு ஒட்டுவது. ஃபேனை நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலை அது. கதவைச் சாத்துவதுதான் உங்களால் முடியாத காரியம். நேரமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ, துண்டு துண்டாக நாளுக்கு ஒன்றரை மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கிறது என்றுதான் தோன்றுகிறது. அந்தத் துண்டுகளில் அடங்காத வேலையாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டு, உட்கார முடியவில்லையே என்று தினமும் நொந்துகொள்கிறீர்கள்.

ஓரகத்தி சொன்ன யோசனை இது. வேலையை இரண்டாகப் பிரியுங்கள். படத்தைத் தாளில் போட்டுப் பார்ப்பது, கோடு திருத்துவது, கார்பன் வைத்துப் பலகைக்கு மாற்றுவது, எந்தக் கல் எங்கே என்று குறிப்பது, கடைசியில் கண்ணும் நகையும் மெல்லிய கோடும் தீட்டுவது, இதெல்லாம் எந்த நொடியிலும் கீழே வைத்துவிட்டு எழுந்து போகக்கூடிய வேலை. மக்கும் ரேக்கும் அப்படியில்லை. முதல் வகையை வீட்டுக் கூடத்திலேயே, மாமியார் கண்ணெதிரில், பத்துப் பத்து நிமிடமாகச் செய்யலாம். இரண்டாம் வகைக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம் வேண்டும். அந்த மூன்று மணி நேரமும் உங்கள் வீட்டுக்காரர் தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "முடிஞ்சா பார்த்துக்கோங்க" என்று சொல்லாதீர்கள். காலண்டரில் எழுதிவிடுங்கள். அன்றைக்கு ஒரு பலகைக்கு மட்டும் மக்கு குழைக்காமல், கோடு போட்டுத் தயாராக இருக்கும் இரண்டு சின்னப் பலகைக்கும் சேர்த்துக் குழையுங்கள். பெரிய கிருஷ்ணரை ஒரு வருடத்துக்குப் பரணில் ஏற்றிவிட்டு, உள்ளங்கை அகலத்துக்குப் பிள்ளையார், அன்னம், ஒரு ஜோடிக் கிளி என்று போடச் சொல்கிறார். சின்னப் பலகையில் தூணும் மண்டபமும் கிடையாது.

என் கைவேலை ஒயர் கூடை. யாரும் கலை என்று சொல்ல மாட்டார்கள், அதனால் யாரும் பொறாமைப்படவும் இல்லை, "இப்ப இது ரொம்ப அவசியமா" என்று கேட்கவும் இல்லை. மாமனார் படுத்திருந்தபோதுதான் தொடங்கினேன். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் தூங்கினால் விழிக்க மாட்டேன் என்ற பயத்தில் கையில் ஏதாவது வேண்டியிருந்தது. ஒயர் கூடையின் அருமை, ஒரு முடிச்சுப் போட்டால் போட்டதுதான். நடுவில் தூக்கி எறிந்துவிட்டு ஓடினாலும் அவிழாது. பச்சையும் வெள்ளையுமாக நீளவாட்டில் 22 முடிச்சு, அகலவாட்டில் 9. அடி முடிந்து மேலே எழும்பினால் ஒரு சுற்றுக்கு 62 முடிச்சு. இவரைப் புரட்டிவிட்டு வந்து பத்து முடிச்சு, கஞ்சி கொடுத்துவிட்டு ஆறு முடிச்சு. நாலு நாளில் முடிய வேண்டிய கூடை ஏழு மாதம் ஆனது. எந்த வரிசை எந்த ராத்திரி போட்டது என்று கூட எனக்குத் தெரியும். பக்கவாட்டில் ஓரிடத்தில் வெள்ளை இரண்டு முறை அடுத்தடுத்து வந்திருக்கும், அது அவருக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம். பிரிக்க மனசில்லாமல் விட்டுவிட்டேன். இன்றைக்கும் அந்தக் கூடையில்தான் காய்கறி வாங்கப் போகிறேன்.

அம்மா காலத்தில் ஒரு தவறு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வெட்டிப்போட்ட ஒயர்த் துண்டுகளைத் தட்டிலேயே வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் அம்மா ஒன்றை வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறார், வெற்றிலைக் காம்பு என்று நினைத்து. விரலை விட்டு எடுத்தேன். உங்கள் வீட்டில் ஓவியத்துக்கு ஒட்டும் கண்ணாடிக் கல், முத்து, பசை எல்லாம் இருக்கும். பளபளவென்று கல்கண்டு மாதிரி இருக்கும் சாமான் அத்தனையும் மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில், அவர் கை எட்டாத உயரத்தில். பென்சிலும் தாளும் மட்டும் கீழே. அவருக்கும் ஒரு பென்சில் கொடுங்கள். பழைய கோல நோட்டு இருந்தால் எடுத்துக் கொடுங்கள். புள்ளி வைத்தவர் கை புள்ளி வைக்கும். வைக்காவிட்டாலும் போகட்டும், அதை ஒரு பயிற்சியாக்கி அவரைப் படுத்தாதீர்கள்.

இன்னொன்று. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு வரையலாமே என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். மறதி நோய்க்காரர் இருக்கும் வீட்டில் தூக்கம்தான் முதல் சொத்து. மத்தியானம் அவர் கண்ணயரும் ஒரு மணி நேரத்தில் முதல் அரை மணி நீங்களும் படுத்துவிட்டு, பிறகு பென்சிலை எடுங்கள். நான் இதைச் செய்யாமல் ரத்த அழுத்த மாத்திரை வாங்கிக்கொண்டவள்.

குடும்பத்துக்கு வருகிறேன். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

உங்களைப் போல எத்தனை பேர் என்று ஒரு கணக்கு. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் என்று 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது, கிட்டத்தட்ட 88 லட்சம் பேர். இவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் சம்பளமில்லாமல் பிறரைக் கவனித்துக்கொள்ளும் பெண்கள் அதற்காக நாளுக்கு 134 நிமிடம் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 76 நிமிடம் என்று வந்தது. இதில் குழந்தை வளர்ப்பும் சேர்த்தி. சமையல், பாத்திரம், துணி எல்லாம் இதில் வராது, அது தனி வரிசை. அதில் பெண்களுக்கு 299, ஆண்களுக்கு 97. முழு நேரம் படுக்கையோடு இருப்பவர்களைப் பார்ப்பவர்களுக்கு இந்த 134 நிமிடம் காலை பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். சராசரி அப்படித்தான்.

இவ்வளவு வேலையையும் செய்பவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை மட்டும் இருப்பதில்லை. எங்கள் வீட்டில் அண்ணன் வெளிநாட்டிலிருந்து, "அம்மாவை ஹோம்ல விடறதைப் பத்திப் பேசவே கூடாது, ஊர் என்ன சொல்லும்" என்றார். அக்கா வாரத்துக்கு ஒரு லேகியம் அனுப்பினார். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் வந்துபோகும் இரண்டு நாளில் அம்மா விசேஷமாக, நிதானமாக இருப்பார். இதுவும் இந்த நோயின் ஒரு குணம். ஆள் வந்தால் கொஞ்ச நேரம் சமாளித்துப் பேசிவிடுவார்கள். "நல்லாத்தானே பேசறாங்க, நீதான் பெரிசு பண்றே" என்று சொல்லிவிட்டு அண்ணனும் அக்காவும் கிளம்பிப் போய்விடுவார்கள். அன்று ராத்திரி ஒரு மணிக்கு அம்மா பூஜை அறையில் சிறுநீர் கழித்துவிட்டு நிற்பார்.

எனக்கு வார்டுப் பழக்கம் கைகொடுத்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, கேஸ் ஷீட் மாதிரி எழுத ஆரம்பித்தேன். எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன சாப்பிட்டார், வெளிக்கிப் போனாரா, எத்தனை முறை கதவைத் திறந்தார், ராத்திரி நான் எத்தனை முறை எழுந்தேன். வியாக்கியானம் எதுவும் கிடையாது. "ராத்திரி 11.40, 1.10, 2.30, 4.05" என்று மட்டும். ஒரு மாதம் ஆனதும் பக்கங்களைப் போட்டோ எடுத்து அண்ணனுக்கும் அக்காவுக்கும் அனுப்பினேன். கூடவே, "இந்த மாதம் ஒரு ராத்திரிகூட மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை. ராத்திரிக்கு ஒரு ஆள் வைக்கப் போகிறேன். செலவில் யார் எவ்வளவு என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்" என்று எழுதினேன். வைக்கலாமா என்று கேட்கவில்லை. அதற்கு முன் நான்கு மாதம் வாயால் சொன்னபோது அது என் புலம்பல். நோட்டில் இருந்தபோது அதை யாராலும் மறுக்க முடியவில்லை. அண்ணன் ஒரு நாள் பதில் போடவில்லை. இரண்டாம் நாள் பணம் வந்தது. லேகியமும் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருந்தது, அதை விடுங்கள்.

"கருத்துச் சொன்னால் சண்டை வருகிறது" என்கிறீர்களே, அந்தச் சண்டைகளில் எவை மாமியாரின் உடம்பையும் உங்கள் உடம்பையும் பற்றியவை என்று பிரித்துப் பாருங்கள். வெங்காயம் சேர்க்கலாமா, பொங்கலுக்கு யார் வருவது, தொலைக்காட்சியில் எந்த சேனல் என்பதில் விட்டுக்கொடுத்துவிடுங்கள். விட்டுக்கொடுத்ததை எல்லாரும் பார்க்கிற மாதிரியே விட்டுக்கொடுங்கள். ராத்திரி ஆள், மாத்திரை, ஆஸ்பத்திரி, உங்கள் ஞாயிற்றுக்கிழமை, இந்த நாலில் ஒரு அங்குலம் நகராதீர்கள்.

அதைவிடப் பெரிய பேச்சு ஒன்று இருக்கிறது. அதைத் தள்ளிப்போடாமல் இப்போதே பேசிவிடுங்கள். இந்த நோயில் ஒரு கட்டத்தில் விழுங்குவது கஷ்டமாகும். மூக்குக் குழாய் போடலாமா, ஐசியு வேண்டுமா, வென்டிலேட்டர் வேண்டுமா என்று டாக்டர் வராந்தாவில் நின்று கேட்பார். அந்த நேரம் வீட்டில் யார் குரல் உயர்ந்ததோ அதுதான் முடிவாகும். மறதி நோய் முற்றியவர்களுக்கு உணவுக் குழாய் போடுவதால் ஆயுள் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, நிமிர்த்தி உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் ஊட்டுவதே மேல் என்று முதியோர் மருத்துவ அமைப்புகள் சொல்கின்றன. இது உங்கள் வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? கௌரவமாகச் சாகும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. சுயநினைவோடு இருக்கும்போதே, கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று ஒருவர் எழுதி வைக்கலாம். 2023 ஜனவரியில் அந்த நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும் என்றார்கள். உங்கள் மாமியாருக்கு அந்தக் காலம் அநேகமாகக் கடந்திருக்கும். ஆனால் அவர் முன்பு என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று பிள்ளைகளை உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். என் அம்மா தெளிவாக இருந்த நாளில், "மூக்குல குழாயோட பெரியம்மா கெடந்த மாதிரி என்னைக் கெடத்தாதீங்கடி" என்று சொல்லியிருந்தார். நோட்டின் முதல் பக்கத்தில் அதைத் தேதி போட்டு எழுதியிருந்தேன். வேண்டிய நாளில் அண்ணனுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அதற்கு மேல் என் கருத்து தேவைப்படவில்லை.

உங்களுக்கு வெளி உதவியும் கொஞ்சம் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருவார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் வலி தணிப்புக் கவனிப்பும் அதில் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். முதியோர் உதவிக்கு 14567. உங்களுக்கே மனசு தாங்கவில்லை என்றால் 14416, தமிழிலும் பேசுவார்கள். இந்த இரண்டாவது எண்ணை நான் ஒரு முறை கூப்பிட்டிருக்கிறேன், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, உடம்பு, மாத்திரை சம்பந்தமில்லாத சொந்தக் கருத்து. நீங்கள் எழுதியதில், "எனக்கென்று ஒரு அபிப்பிராயம் இருந்தது, அதுவே மறந்துவிட்டது போலிருக்கிறது" என்ற வரி என்னை யோசிக்க வைத்தது.

என் மாமனாரும் நானும் இருபது வருடம் அரசியல் சண்டை போட்டவர்கள். அவர் கட்சி வேறு, என் கட்சி வேறு. தேர்தல் முடிவு வரும் நாளில் எங்கள் வீட்டில் இரண்டு இடத்தில் ரேடியோ ஓடும். பக்கவாதம் மூளையின் இடப் பக்கத்தில் வந்ததால் வலது கை கால் விழுந்தது, பேச்சும் போனது. காது கேட்கும், புரியும், ஆனால் வார்த்தை வராது. எஞ்சி நின்றது ஒரே சொல்: "ஆமா". காபி வேண்டுமா, ஆமா. வேண்டாமா, அதுவும் ஆமா. கண்ணைப் பார்த்துத்தான் எந்த ஆமா என்று கண்டுபிடிக்க வேண்டும். தினமும் அவர் கட்சிப் பத்திரிகையை நான்தான் வாசித்துக் காட்டினேன். ஒரு நாள் தலையங்கத்தைப் படித்துவிட்டு, எரிச்சலில், "இது பச்சைப் பொய் மாமா, உங்க ஆளுங்க இப்படித்தான்" என்றேன். "ஆமா" என்றார். இருபது வருடத்தில் முதல் தடவை ஜெயித்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் இடது கையால் பேப்பரைத் தட்டினார், படி என்கிற மாதிரி. கண்ணைப் பார்த்தால் அது சுத்தமான "இல்லை".

அதற்கப்புறம் அவர் தலையங்கத்தை ஒரு வார்த்தை மாற்றாமல் வாசிப்பேன். முடித்ததும் என் பேப்பரையும் எடுத்து ஒரு பத்தி வாசிப்பேன். அவர் "ஆமா, ஆமா, ஆமா" என்று கத்துவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னமோ பஜனை என்று நினைத்திருப்பார்கள். பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண், இந்த அளவுக்கு அவர் குரலை வேறு எதுவும் எழுப்பவில்லை என்று சொன்னார்.

உங்களுக்கும் சண்டை போட ஒரு ஆள் வேண்டும். வீட்டில் இல்லையென்றால் வெளியே. பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்த ஒருத்தியை வாரம் ஒரு முறை போனில் பிடித்துக்கொண்டு, மாமியார் பேச்சே எடுக்காமல், நீங்கள் முன்பு எதைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தீர்களோ அதைப் பற்றிக் கத்துங்கள். பாடத்திட்டம், சினிமா, கோயில் கும்பாபிஷேகத்தில் தூணுக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிறார்களே அது, எதுவானாலும் சரி. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் வேண்டாம். அங்கே நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் "இவளுக்கு இதுக்கெல்லாம் நேரம் இருக்கு" என்று ஒரு கணக்கு எழுதுவார்கள்.

பலகையைப் பற்றி ஓரகத்தி இன்னும் ஒன்று சொல்லச் சொன்னார். ஒன்றரை வருடம் கிடந்ததென்றால் வைத்த மக்கில் எங்காவது மயிரிழைபோல விரிசல் விட்டிருக்கும். மேலேயே பூசிவிடாதீர்கள். தூக்கி நிற்பதை மட்டும் ஊசி முனையால் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பசைத் தண்ணீரை லேசாகத் தொட்டு, பிறகு புது மக்கு வையுங்கள், பிடித்துக்கொள்ளும் என்கிறார். சுரண்டுகிற வேலையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாமாம்.